இருபத்துமூன்றாம் கம்பத்தில் நான் கண்டது

பனிச்சறுக்குப் பந்தயத்தில் வாயில் நடுவருக்குத் தருவது ஓர் அட்டை, ஒரு பென்சில், நிற்க ஓர் இடம். பேனா தரமாட்டார்கள், மை உறைந்துவிடும். பென்சிலை அட்டையோடு நூலால் கட்டியிருப்பார்கள், ஏனென்றால் விறைத்த கையிலிருந்து பென்சில் நழுவினால் அது கைக்குத் தெரியாது. முதல்நாள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் குறிப்பு எடுத்தேன்.

அது சர்வதேச இளையோர் பனிச்சறுக்குப் பந்தயம். ரொறொன்ரோவிலிருந்து வடக்கே இரண்டரை மணித்தியாலம் ஓடினால் வரும் மலையில் போன பெப்ரவரி நடந்தது. மலை என்பது ஒரு மரியாதைக்குத்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த பிள்ளைகள் முதல்நாள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மிச்சம் எங்கே என்பதுபோல இன்னும் கொஞ்சம் மேலே பார்த்தார்கள். எனக்கு அதுவே பெரிது. நான் ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் பத்தாம் மாடியில் வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, வாடகைக்கு எடுத்த சறுக்குப் பலகைகளை, ஸ்கீயை, காலில் மாட்டி, நகருக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னச் சரிவில் ஒரு பின்னேரம் முழுக்க விழுந்து எழும்பினேன். அன்றைக்குப் பிடித்தது. பிறகு எந்த நாட்டில் எந்தப் பந்தயம் நடந்தாலும் பஸ்ஸில், வேலையில், சாப்பாட்டு மேசையில், கைத்தொலைபேசியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடுவதற்கு எனக்கு வயது போய்விட்டது. இருபத்துமூன்று வயதில் வயது போய்விட்டது என்று சொல்லக்கூடிய விளையாட்டு அது. பக்கத்தில் நிற்கவாவது வேண்டும் என்பதற்காக நடுவர் வகுப்புக்குப் போய், ஒரு சோதனை எழுதி, நடுவர் அட்டை வாங்கினேன். வேலையில் மூன்று நாள் லீவு எடுத்தேன்.

அம்மாவுக்கு இது விளங்கவேயில்லை. தொலைபேசியில் சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது: "சறுக்கி விழுறதுக்குப் போறவை இருக்கினம். இவள் விழுறவையை எண்ணிறதுக்குப் போறாள்."

எண்ணுவது இல்லை, பார்ப்பது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஸ்லாலம் என்ற பந்தயத்தில் செங்குத்தான சரிவில் ஐம்பது, அறுபது கம்பங்கள் சிவப்பும் நீலமுமாக மாறிமாறி நிற்கும். ஒவ்வொரு கம்பத்தையும் சுற்றி வளைந்து இறங்க வேண்டும். கம்பத்தின் அடியில் ஒரு பிணைச்சல் இருப்பதால் காலாலும் கையாலும் அடித்தால் சாய்ந்து, ஆள் போனதும் எழும்பிவிடும். விதி ஒன்றுதான்: இரண்டு ஸ்கீ நுனிகளும் இரண்டு கால்களும் கம்பத்தின் சரியான பக்கத்தால் கடக்க வேண்டும். சில வேளை ஒரு ஸ்கீ மட்டும் பிழையான பக்கத்தால் போய்விடும். கம்பம் கவட்டுக்குள்ளால் போகும். அப்படி என்றால் ஆள் வெளியே. இது கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிற காரியம். அதைப் பார்க்கத்தான் ஐந்து கம்பத்துக்கு ஒரு வாயில் நடுவர். என்னுடையவை இருபத்தொன்றிலிருந்து இருபத்தைந்து வரை.

பிழை இல்லையென்றால் அட்டையில் ஒன்றும் எழுதக்கூடாது. பிழையென்றால் போட்டியாளரின் இலக்கம், கம்பத்தின் இலக்கம், ஸ்கீ எப்படிப் போனது என்று ஒரு படம். அந்தப் படம்தான் சாட்சி. எங்கள் தலைமை நடுவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மீசையில் எப்போதும் கொஞ்சம் பனி ஒட்டியிருக்கும். அவர் ஒன்றை இரண்டு தரம் சொன்னார். கண்டதை எழுது. காணாததை எழுதாதே. சந்தேகம் வந்தால் அது ஓடுகிற பிள்ளைக்குச் சேர வேண்டியது. நான் இதையும் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

ஸ்லாலம் நாள் காலை மைனஸ் இருபத்தொன்று. தொண்டர்களை ஏற்றிவந்த பஸ்ஸிலிருந்து இறங்கி, வாகனத் தரிப்பிடத்தைக் குறுக்கறுத்து நடந்தபோது ஒரு வான் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து ஒருவர் ஸ்கீக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையில் குரங்குத் தொப்பி, அதற்கு மேல் இன்னொரு தொப்பி. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த மலையில் எங்கள் நிறத்தில் வேறு ஆட்கள் இல்லை.

"பிள்ளை தமிழோ?"

ஓம் என்றேன். அவ்வளவுதான் தாமதம். கேட்காமலே தேத்தண்ணீர் வந்தது. ஈயத்தாளில் சுற்றிய மட்டன் ரோல்ஸ் வந்தது. வானின் ஹீற்றருக்கு முன்னால் வைத்திருந்ததால் இன்னும் சூடாக இருந்தது. நான் சாப்பிட்டேன். போட்டியாளர் தரப்பில் எதையும் வாங்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் குளிரில் சாப்பிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் பிக்கரிங்கில் இருக்கிறார். ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். மகளுக்கு ஆறு வயதில், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருநாள் ஸ்கீ மாட்டிவிட்டிருக்கிறார்கள். பதின்மூன்று வருசமாகிறது, அவள் இன்னும் கழற்றவில்லை. இவருக்கு ஸ்கீ ஓடவே தெரியாது. ஆனால் கராஜில் மேசை போட்டு, வீடியோ பார்த்து, விளிம்பு தீட்டவும் மெழுகு உருக்கி ஊற்றவும் படித்திருக்கிறார். கனடா அணியில் அவளுக்கு இடமில்லை, அங்கே அவளைவிட வேகமான பிள்ளைகள் நூறு பேர். அதனால் தாயும் தகப்பனும் பிறந்த நாட்டின் பெயரில் ஓடுகிறாள். அணி என்றால் அவள் ஒருத்திதான். பயிற்சியாளர், மெக்கானிக், சாரதி எல்லாம் அப்பா.

"எங்களைத் துரத்தின நாட்டின்ரை கொடியோ எண்டு எங்கடை ஆக்கள் ரெண்டு பேர் எங்களோடை கதைக்கிறதை விட்டிட்டினம்," என்றார் மெழுகைச் சுரண்டிக்கொண்டே. "நான் என்ன செய்யிறது. அவளுக்கு ஓட ஒரு பேர் வேணும்."

பிறகு விசயத்தைச் சொன்னார். வருகிற குளிர்காலம் பெரிய உலகப் போட்டி. அதில் நிற்பதற்கு, இந்த மட்டத்தில் இன்னும் ஒரேயொரு ஸ்லாலம் பந்தயத்தை அவள் முழுதாக முடித்திருக்க வேண்டும். இரண்டு ஓட்டம், பட்டியலில் பெயர். எத்தனையாவது இடம் என்பது பொருட்டில்லை, கடைசி என்றாலும் சரி. பெயர்கள் அனுப்ப வேண்டிய திகதிக்கு முன்னால் வருகிற கடைசி ஸ்லாலம் இன்றைக்கு நடப்பது. டிசெம்பரில் ஒன்றில் விழுந்துவிட்டாள். ஜனவரியில் ஒன்று பனி பெய்து நின்றுபோனது.

வானுக்குள் முன் இருக்கையில் அவள் காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஒரு கண்ணைத் திறந்து எனக்குக் கையசைத்துவிட்டுத் திரும்ப மூடினாள்.

நடுவர்களின் கொட்டிலில் தலைமை நடுவர் போட்டியாளர் பட்டியலோடு நின்றார். அதில் ஒரு பெயரை விரலால் தொட்டு, உன் தங்கச்சியா என்று கேட்டார். இல்லை என்றேன். மச்சாள் முறையா என்றார். இல்லை, யாரென்றே தெரியாது என்றேன். என் கையுறையில் ரோல்ஸ் எண்ணெய் பட்டிருந்தது. அவர் நல்ல மனுசன், சும்மா கேட்டார். உனக்குச் சங்கடம் என்றால் மேலே முதல் ஐந்து கம்பத்துக்கு மாற்றிவிடுகிறேன், அங்கே ஒருவரும் பிழை விடுவதில்லை என்றார். தேவையில்லை, நான் ஒருவருக்கும் பக்கம் சாயமாட்டேன் என்று கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஒன்றும் இருக்கவில்லை. நான் அதில் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

முதல் ஓட்டம். அவளுடைய இலக்கம் ஐம்பத்தெட்டு. முன்னால் ஓடியவர்கள் பள்ளம் விழுத்திய பாதையில், மெதுவாக, ஒவ்வொரு கம்பத்தையும் எண்ணி எண்ணிக் கடப்பதுபோல இறங்கினாள். என் ஐந்து கம்பத்திலும் ஒரு பிழையும் இல்லை. அட்டை வெறுமையாக இருந்தது. சந்தோசமாக இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அந்த நேரம் எனக்கு மூக்கு இருப்பதே தெரியவில்லை.

ஓட்டங்களுக்கு இடையில் இரண்டு மணித்தியாலம். சூப் குடித்தேன். காலுக்குள் சூடாக்கும் பொட்டலம் வைத்தேன், அது சூடாகவில்லை. இரண்டாம் ஓட்டத்துக்குக் கம்பங்களை வேறு விதமாக நட்டிருந்தார்கள். என்னுடைய இருபத்துமூன்று ஒரு சரிவு முறிகிற இடத்தில் நின்றது. மேலிருந்து வருகிறவர்களுக்கு அது பிந்தித்தான் தெரியும். இரண்டு பேர் அதில் பிழை விட்டார்கள். இரண்டையும் வடிவாகக் கண்டேன், இரண்டையும் வரைந்தேன். அந்த இரண்டு பிள்ளைகளுமே தாங்களாக நின்று, தலையை ஆட்டிவிட்டு, ஓரமாகப் போய்விட்டார்கள். அவர்களுடைய காலுக்கே தெரிந்திருந்தது.

அவள் வந்தபோது காற்று எழும்பியிருந்தது. இருபத்திரண்டில் பிந்திவிட்டாள். இருபத்துமூன்றுக்கு அவள் உடம்பு முழுக்கச் சாய்ந்து, இடுப்பு பனியைத் தொட, ஒரு வெள்ளைப் புகை எழும்பியது. கம்பம் சாய்ந்தது. புகைக்குள் கம்பம் எப்படிச் சாய்ந்தது, எந்தக் காலுக்கு எந்தப் பக்கம், தெரியவில்லை. புகை விழுந்தபோது அவள் இருபத்துநாலில் நின்றாள், பிறகு இருபத்தைந்தில், பிறகு கீழே. கம்பம் ஆடிக்கொண்டிருந்தது.

நான் காணவில்லை. இதை இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். அப்போதும் இதே அளவு தெளிவாகத் தெரியும். அட்டையை வெறுமையாக விட வேண்டும். அதுதான் விதி, அடியில் கோடு போட்ட விதி. சரிவின் மறுபக்கத்தில் நின்ற இன்னொரு நடுவர் என் பக்கம் பார்த்தார். சும்மா பார்த்திருக்கலாம். காற்றுக்கு முகத்தைத் திருப்பியிருக்கலாம். எனக்கு வந்த நினைப்பு இதுதான்: இருபத்துமூன்றில் மூன்று பேர் தடுமாறினார்கள், வெள்ளைப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பிழை போட்டாள், தன் ஆளுக்குப் போடவில்லை. ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லுவார்கள் என்று நான் முடிவுசெய்தேன். வாய்க்குள் இன்னும் ரோல்ஸின் மிளகு இருந்தது.

கை வரைந்தது. ஐம்பத்தெட்டு. இருபத்துமூன்று. கம்பத்துக்கு ஒரு புள்ளி, வலது ஸ்கீக்கு ஒரு கோடு, இடது ஸ்கீக்குப் பிழையான பக்கத்தால் இன்னொரு கோடு. கோடு நேராக வந்தது. வரைகிறபோது குற்றம் செய்கிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. ஒன்றும் இல்லை. அடுத்த பிள்ளை வந்துகொண்டிருந்தாள். அவளுடைய காலைப் பார்த்தேன்.

பந்தயம் முடிந்ததும் அட்டைகளைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். கீழே அறிவிப்புப் பலகையில் பிழைவிட்டவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். அதிலிருந்து பதினைந்து நிமிடம். அதற்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், பிறகு முடியாது. நான் ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவளுடைய தகப்பன் பலகைக்கு முன்னால் நின்று கடதாசியில் எழுதிக்கொண்டிருந்தார். பெரிய எழுத்தில், கவனமாக, ஆங்கிலத்தில். கையில் கையுறை இல்லை.

பெரிய அணிகள் சரிவின் ஓரத்தில் கமெரா வைத்திருந்தன, ஆனால் தங்கள் பிள்ளைகள் ஓடி முடிந்ததும் நிறுத்திவிட்டன. ஐம்பத்தெட்டாம் இலக்கத்தைப் படம்பிடிக்க அவளுடைய அப்பா மட்டும்தான் நின்றிருக்கிறார், கைத்தொலைபேசியோடு. முதல் ஓட்டம் முழுக்க இருக்கிறது. இரண்டாவதில், அவள் புறப்பட்டு ஐந்தாறு கம்பம் வந்ததும், குளிருக்கு பற்றரி செத்துவிட்டது. ஆகவே இருந்தது என்னுடைய படம் ஒன்றுதான்.

நேரம் பதியும் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஆட்சேபத்தை விசாரிக்க மூன்று பேர் இருந்தார்கள், என்னைக் கூப்பிட்டார்கள். தலைவி ஐரோப்பாவிலிருந்து வந்தவள், நரைத்த தலை, மெல்லிய குரல். அவள் என் அட்டையை எனக்குப் பார்க்கக்கூடியதாகத் திருப்பி மேசையில் வைத்தாள். இது நீ வரைந்ததா என்று கேட்டாள். ஆம். உடனேயே வரைந்தாயா. ஆம். இடது ஸ்கீ பிழையான பக்கத்தால் போனதை நீயே உன் கண்ணால் கண்டாயா.

அவர் கதவடியில் நின்றார். தலையிலிருந்த இரண்டு தொப்பிகளையும் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஆம் என்றேன்.

அது ஒரு சொல். ஆங்கிலத்தில் அது இன்னும் சின்னச் சொல். தலைவி நன்றி சொன்னாள். அவர் எழுதிய கடதாசியின் அடியில் ஏதோ எழுதிக் கையெழுத்து வைத்தாள். ஆட்சேபம் தள்ளுபடி. அவர் அவர்களுக்கும் நன்றி சொன்னார். எனக்கும் தலையசைத்தார். நான் வெளியே வந்து ஒரு தட்டுப் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கினேன். பசிக்கவில்லை, ஆனால் சாப்பிட்டு முடித்தேன்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. என் சப்பாத்து, சப்பாத்து அறையில் இருந்தது. அதை எடுக்கப் போனபோது தகப்பனும் மகளும் அங்கே இருந்தார்கள். வேறு ஒருவரும் இல்லை. அவள் சுவரோரம் வாங்குப் பலகையில் இருந்தாள். அவர் நிலத்தில் குந்தியிருந்து, அவளுடைய ஒரு காலைத் தன் தொப்பிக்குள் விட்டு, மற்றக் காலை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. பந்தயச் சப்பாத்துக்குள் தடித்த காலுறை போட முடியாது, அவ்வளவு இறுக்கம்.

"வாரும் பிள்ளை," என்றார். "ஃப்ளாஸ்கிலை தேத்தண்ணி கிடக்கு. ஊத்திக் குடியும்."

அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன். நான் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அழுதிருந்தாள், ஆனால் அது முடிந்துவிட்டிருந்தது.

"அக்கா, சண்டைக்குக் கேக்கேல்லை," என்றாள். "எனக்கு ஸ்டார்ட்டிலை நிக்கேக்கையே ரெண்டு காலும் விறைச்சுப் போச்சு. வேற நாளெண்டால் ஸ்கீ மாறிப் போனால் ஃபீல் பண்ணலாம். ஷூவிலை தட்டும். இண்டைக்கு ஒண்டுமே தெரியேல்லை. நான் சரியாப் போனன் எண்டு நினைச்சுத்தான் கீழ வந்தனான். லிஸ்ட்டைப் பாத்தாப்பிறகு அதுவும் தெரியேல்லை."

நான் என் சப்பாத்தைத் தேடி எடுத்தேன்.

"நீங்கள் கண்டனீங்கள் தானே."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நான் சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன். பிறகு, என்னை ஆறுதல்படுத்துவதுபோல, "அப்ப சரி அக்கா. ஆராவது ஒராள் கண்டால் சரி," என்றாள்.

மூன்று பெரிய ஆட்கள் மேசைபோட்டுக் கேட்டது எனக்குள் ஒன்றும் செய்யவில்லை, இவள் சொன்னது ஏதோ செய்தது. மனம் உருகியது என்றெல்லாம் இல்லை. ஒரு கணக்கில் பிழை இருப்பது தெரிந்தால் எனக்கு இருக்க முடியாது, அந்த மாதிரி. அவள் பொய்யொன்றை வாங்கி, நிம்மதி என்று எங்கேயோ வைக்கப்போகிறாள்.

"நான் காணேல்லை," என்றேன்.

அவருடைய கை நின்றது.

"பனி பறந்ததைத்தான் கண்டனான், அங்கிள். காலைக் காணேல்லை. கீறினது நான் நினைச்சுக் கீறினது."

"அப்ப அங்கை ஏன் ஓம் எண்டனீர்?"

"கீறினாப்பிறகு எப்பிடி இல்லை எண்டிறது."

"முதல் ஏன் கீறினீர்?"

"நீங்கள் தமிழ் எண்டபடியால்," என்றேன். "நான் உங்களுக்குச் சாயிறன் எண்டு நினைப்பினம் எண்டு."

திட்டியிருந்தால் எனக்கு அது தெரிந்த பாதையாக இருந்திருக்கும். அவர் குரல் உயரவேயில்லை.

"எங்கடை ஆக்களுக்கெண்டு தனிச் சட்டமோ, பிள்ளை."

பிறகு சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். மகளின் காலைத் தொப்பியோடு சேர்த்து வாங்கில் தூக்கி வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"வாரும். எனக்குச் சொன்னதை அங்கை சொல்லும்."

போனேன். அந்த நடையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, படிகளை எண்ணினேன், பதினேழு. முடிவுப் பட்டியலில் இன்னும் கடைசிக் கையெழுத்து வைக்கவில்லை. தலைவி பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை அவள் முழுதாகக் கேட்டாள். அரை மணித்தியாலத்துக்கு முன் ஆம் என்றாயே, ஏன் என்று ஒரு தரம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தலைமை நடுவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, என் பக்கம் பார்க்காமல், அட்டையைப் பார்த்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். பத்து நிமிடம். கண்டவர் ஒருவரும் இல்லாத பிழை பிழையில்லை என்று முடிவெடுத்தார்கள்.

புதுப் பட்டியலில் அவள் முப்பத்தொன்பதாவது. கடைசி. தகப்பன் பலகைக்கு முன்னால் நின்று அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். செத்த கைத்தொலைபேசியை எடுத்து, பிறகு நினைவு வந்து உள்ளே வைத்து, என்னுடையதைக் கேட்டார். நான் படம் எடுத்து அவருடைய இலக்கத்துக்கு அனுப்பினேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

தலைமை நடுவர் என்னிடம் வந்து, என் இடுப்பில் தொங்கிய, அட்டை செருகும் பலகையை மெதுவாகக் கழற்றி வாங்கினார். நாளைக்கு ஆட்கள் போதுமானவர்கள் இருக்கிறார்கள், நீ வரத்தேவையில்லை என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். சோதனை எழுதி வாங்கிய நடுவர் அட்டை இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. இந்தக் குளிர்காலம் ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் எழுதிக் கேட்கவில்லை. பெரிய போட்டியில் அவள் ஓடிய நாள் எனக்குத் தெரியும், நேரமும் தெரியும். வேலையில் இருந்தேன், கைத்தொலைபேசி முன்னால் கிடந்தது. போடவில்லை.

அன்றைக்குப் பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தகப்பன் வானைச் சூடாக்கப் போயிருந்தார். அவள் சாதாரணச் சப்பாத்தோடு நொண்டி நொண்டி என்னிடம் வந்தாள். பட்டியலைப் பார்த்துவிட்டாளா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"அப்ப ஒருத்தரும் காணேல்லை," என்றாள்.

"இல்லை."

"இருபத்துமூண்டு எங்க நிண்டது? காட்டுங்கோ."

இருவரும் சரிவின் ஓரத்தால் ஏறினோம். அவளுக்குக் கால் நோகத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தாள், ஆனால் நிற்கவில்லை. கம்பங்களை ஏற்கெனவே பிடுங்கி, கட்டுக்கட்டாகக் கீழே இறக்கியிருந்தார்கள். அவை நின்ற துளைகளைக்கூடப் பனி போட்டு மூடியிருந்தார்கள். மேலே சங்கிலிச் சக்கர இயந்திரம் ஒன்று சரிவைச் சமப்படுத்திக்கொண்டு இறங்கி வந்தது. அடுத்த நாள் இன்னொரு பந்தயம். நான் சரிவு முறிகிற இடத்தைத் தேடிப் பிடித்து, இவ்விடத்தில்தான் என்றேன். கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம் என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் அந்த இடத்துப் பனியைத் தொட்டாள். ஸ்கீ கீறிய அடையாளங்கள் நூறு இருந்தன, ஒன்றுக்கு மேல் ஒன்று, எது யாருடையது என்றில்லை.

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்? நான் சரியாப் போயிருப்பனோ?"

"தெரியேல்லை."

"எனக்கும்," என்றாள்.

இயந்திரம் கிட்ட வந்து, எங்களைக் கண்டு நின்று, விளக்கை ஒருதரம் அணைத்துப் போட்டது. நாங்கள் விலகினோம். அது எங்களைக் கடந்து கீழே போனது.